என் அட்டவணையும் ஐந்து டிப்பர் லாரிகளும்

மூன்று வருடங்களுக்கு முன், புரட்டாசி மாதத்து ஒரு சனிக்கிழமை. பெரம்பலூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு அந்த போன் வந்தது.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வாகனங்களில் பொருத்தும் சின்னத் திரைகளைச் செய்கிற வெளியூர் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுகிறேன். கேமராவிலிருந்து வருகிற படத்தைத் திரையில் காட்டும் மென்பொருளுக்கு எங்கள் தொழிலில் 'டிரைவர்' என்று பெயர். நான் டிரைவர் எழுதுகிறேன் என்று ஒருமுறை சொல்லப்போய், சொந்தக்காரர்கள் பாதிப் பேர் நான் வண்டி ஓட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். அதனால் இந்தக் கதையில் லாரி ஓட்டுபவர்களை ஓட்டுநர் என்றே சொல்லிவிடுகிறேன்.

அந்த வருடம் ஆடி மாதத்தில் எனக்குப் பிடிக்காத ஒரு வேலை தலையில் விழுந்திருந்தது. படத்தைத் திருப்புவதற்கு என்ன எண் கொடுக்க வேண்டும் என்று ஓர் அட்டவணை தயாரிக்க வேண்டும். இதெல்லாம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கொடுக்கிற வேலை, எனக்கு ஏன் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் எழுதினேன். அரை மணி நேரத்தில் முடித்தேன். திருப்பிப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. சரிபார்க்க வேண்டியவரும் பார்க்காமலேயே ஒப்புதல் கொடுத்தார் என்பது பிற்பாடு தெரிந்தது.

விஷயம் இவ்வளவுதான். ஒரு ஸ்விட்ச் போர்டில் ஆறு ஸ்விட்சுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஸ்விட்சைப் போட்டால் படம் அப்படியே நேராக நிற்கும். இரண்டாவது கால் சுற்று திருப்பும். மூன்றாவது அரைச் சுற்று, அதாவது தலைகீழாக்கும். நான்காவது முக்கால் சுற்று. ஐந்தாவது ஸ்விட்ச் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடத்தையும் வலத்தையும் மாற்றும். ஆறாவது மேலையும் கீழையும் மாற்றும். எந்தெந்த ஸ்விட்சைப் போட வேண்டும் என்று கணினிக்கு ஒரே எண்ணாகச் சொல்ல வேண்டும். அதற்காக ஸ்விட்சுகளுக்கு 1, 2, 4, 8, 16, 32 என்று மதிப்பு வைத்திருப்பார்கள். வேண்டியதைக் கூட்டிக் கொடுத்தால் போதும். இதற்குப் பெயர் பிட்மாஸ்க்.

ஆனால் எங்கள் நிரலுக்குள் இந்த ஸ்விட்சுகளுக்கு 0 முதல் 5 வரை வரிசை எண்தான் போட்டிருக்கும். நான் அந்த வரிசை எண்களை அப்படியே எடுத்து அட்டவணையில் ஒட்டி, மேலே 'மதிப்பு' என்று தலைப்புப் போட்டுவிட்டேன். கண்ணாடி ஸ்விட்சுக்கு நேராக 4 என்று இருந்தது. உண்மையான மதிப்பு 16. நான்கு என்று கொடுத்தால் தலைகீழாக்கும் ஸ்விட்ச்தான் விழும். எனக்கு இது தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். தெரிந்ததனாலேயே எழுதத் தோன்றவில்லை.

போன் செய்தவர் எங்கள் திரைகளை லாரிகளில் பொருத்தித் தருபவர். ஐம்பது வயதிருக்கும். பெரம்பலூர் பைபாஸ் ஓரத்தில் ஒரு ஷெட்டில் வேலை செய்துகொண்டிருந்தார்.

"மேடம், ரிவர்ஸ் கேமராவுக்குக் கண்ணாடி போடணும்னு நாலு போட்டேன். படம் தலைகீழா நிக்குது."

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. "அண்ணே, டேபிள்ல தெளிவாப் போட்டிருக்கே, அதப் பாத்துப் பண்ண மாட்டீங்களா? வேற எதையோ மாத்தி வச்சிருப்பீங்க" என்றேன்.

"இல்லிங்க மேடம். முந்தாநாளு அரியலூர் குவாரியில அஞ்சு டிப்பருக்கு இதே நாலுதான் போட்டேன். பளிச்சுன்னு நேரா வந்துச்சே."

"அந்த வண்டிங்கள்ல கேமராவ எப்படி மாட்டுனீங்க?"

"மாட்ட எடமே இல்ல மேடம். சேஸிஸுக்கு அடியில தலைகீழாத் தொங்கவிட்டுத்தான் முடுக்குனேன்."

அவ்வளவுதான். எனக்கு விளங்கிவிட்டது. தலைகீழாகத் தொங்கும் கேமரா, அதைத் தலைகீழாக்கும் எண். இரண்டும் சேர்ந்து படம் நேராகிவிட்டது. நேராக இருக்கிறதே என்று அவரும் திருப்தியாகப் போய்விட்டார். ஆனால் கண்ணாடி ஸ்விட்ச் விழவே இல்லை. பின்னால் பார்க்கிற கேமராவில் அதைப் போடாவிட்டால், லாரிக்கு வலப்பக்கம் நிற்கும் ஆள் திரையில் இடப்பக்கம் தெரிவார்.

"டெஸ்ட் பண்றப்ப பின்னாடி ஆள நிறுத்திப் பாத்தீங்களாண்ணே?"

"ஒரு டிரம்ம வச்சுப் பாத்தேன் மேடம். நடுவுல."

நடுவில் வைத்த டிரம் எப்படித் திருப்பினாலும் நடுவில்தான் தெரியும். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? நான் என் தவறைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மேடம், அந்தக் குவாரியில லாரி பின்னால ஒரு பொம்பள ஆளு நின்னு கொடி காட்டும்."

குவாரியின் சூப்பர்வைசருக்கு போன் போட்டால் அணைத்து வைத்திருந்தது. பாறைக்கு வெடி வைக்கிற நாளில் எல்லோரும் போனை கேட்டிலேயே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம். சனிக்கிழமை வெடி நாள். ஓட்டுநர்கள் நம்பர் யாரிடமும் இல்லை. எங்கள் திரைக்கு இணைய வசதியும் கிடையாது, இங்கிருந்தே மாற்றிவிட முடியாது. நேரில் போவதைத் தவிர வழியில்லை. மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினேன். "நானும் வரேன் மேடம், உங்கள மட்டும் கேட்டுல விடமாட்டான்" என்று அவர் பைக்கை எடுத்தார்.

முப்பது கிலோமீட்டர் தூரம் முந்நூறாகத் தெரிந்தது. பேரளி தாண்டும்வரை எப்படியோ போய்விட்டோம். அரியலூர் ஊருக்குள் நுழைந்து கல்லங்குறிச்சிப் பக்கம் திரும்பியதும் மாட்டிக்கொண்டோம். புரட்டாசிச் சனிக்கிழமை, பெருமாள் கோயிலுக்குப் போகிற கூட்டம். மஞ்சள் துணி கட்டி நடப்பவர்கள், குழந்தைகளை ஏற்றிய டிராக்டர், நடுரோட்டில் நின்று மோர் கொடுக்கிறவர்கள். ஓர் ஆள் எங்களை மறித்து மோர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. பைக்கின் பின்னால் உட்கார்ந்துகொண்டு, பெருமாளே, அந்த அம்மா இன்றைக்கு லீவு போட்டிருக்கட்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

கூட்டத்தைத் தாண்டிக் கிளைச் சாலையில் போனதும் செடி கொடியெல்லாம் வெள்ளைத் தூசி போர்த்திக்கொண்டு நின்றது. குவாரி கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. கேட்டில் சிவப்புக் கொடி கட்டியிருந்தது. காவலாளி கையை நீட்டி மறித்தார். மீசை நரைத்த, கறாரான மனிதர்.

"வெடி போடப் போறாங்க. சங்கு ஊதி முடியற வரைக்கும் ஈ காக்கா உள்ள போவக்கூடாது."

நான் பிட்மாஸ்க்கிலிருந்து ஆரம்பித்தேன். ஸ்விட்ச், வரிசை எண், மதிப்பு என்று மூச்சு வாங்க உளறினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கூட வந்த அண்ணன்தான் குறுக்கே புகுந்தார்.

"அண்ணே, லாரில மாட்டுன டிவி எடத்த வலமாக் காட்டுது. கொடி காட்டுற அம்மா ஒரு பக்கம் நின்னா, ஓட்டுறவரு கண்ணுக்கு இன்னொரு பக்கம் தெரியும்."

காவலாளியின் முகம் மாறியது. "அட, நேத்து நடந்தது அதுதானா!" என்றார்.

நான் கேட்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. அவரே சொன்னார். முந்தின நாள் மூன்றாம் நம்பர் டிப்பர் பின்னால் வரும்போது அந்த அம்மாவை இடித்திருக்க வேண்டியது. அவர் கொடியைப் போட்டுவிட்டுத் தாவியதால் தப்பித்தார். கொடிக் கம்பின்மேல் டயர் ஏறிவிட்டது. ஓட்டுநர் புது ஆள். அந்த அம்மா இடப்பக்கம் நின்றதைத் திரையில் பார்த்தேன், அதனால்தான் வலப்பக்கம் ஒடித்தேன் என்று சத்தியம் செய்திருக்கிறார். நான் எப்போதும்போல் வலப்பக்கம்தான் நின்றேன் என்று அந்த அம்மா அழுதிருக்கிறார். கேமரா பொய் சொல்லாது என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றாராம் சூப்பர்வைசர்.

"இன்னிக்கு வந்திருக்காங்களா?" என்று கேட்டேன்.

"வந்திருக்கு. இன்னிக்கு ஒரு நாளு இருக்குல்ல."

வெடி போடும்வரை லாரிகள் அசையாது. அந்த நேரம் மட்டும் பயமில்லை. ஆனால் முடிந்தது என்று சங்கு ஊதினதும் எல்லா லாரியும் ஒரே நேரத்தில் கிளம்பும், விட்ட நேரத்தைப் பிடிக்க அவசரப்படுவார்கள் என்றார் காவலாளி. நாங்கள் அதற்குள் உள்ளே போயாக வேண்டும். அவரோ விதியை மீற மாட்டேன் என்று நின்றார். அவர் செய்தது சரி என்று இப்போது தெரிகிறது. அப்போது கெஞ்சினேன், கத்தினேன், கடைசியில் அழுதும் பார்த்தேன்.

"அழுவாதம்மா. சங்கு ஊதுன மறு நிமிஷம் நானே கூட்டிட்டுப் போறேன். ஆனா இந்தச் செருப்போட உள்ள வர முடியாது" என்று சொல்லி, இன்னொரு காவலாளியின் பூட்ஸை எடுத்துப் போட்டார். என் கால் அதற்குள் பாதிதான் இருந்தது. தலைக்கு ஒரு ஹெல்மெட்டும் வைத்துவிட்டார். போன்களை வாங்கி மரப்பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். சூப்பர்வைசரின் போனும் அதற்குள்தான் கிடந்தது.

வெடிச் சத்தம் தரையிலிருந்து வயிற்றுக்குள் ஏறியது. பிறகு தூசி அடங்கக் காத்திருந்தோம். இருபது நிமிடம் இருக்கும். அந்த இருபது நிமிடத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று எழுதத் தெரியவில்லை. அட்டவணையில் இன்னும் ஒரு வரி, 'இவை வரிசை எண்கள், மதிப்புகள் அல்ல' என்று நான் எழுதியிருந்தால் இப்போது வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன் என்று திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டேன்.

சங்கு நீளமாக ஊதியது. காவலாளி முன்னால் ஓட, நாங்கள் பின்னால் ஓடினோம். அந்த பூட்ஸோடு நான் இரண்டு தடவை விழுந்தேன். மேடு ஏறிப் பார்த்தபோது, கல் கொட்டுகிற இடத்தில் ஒரு டிப்பர் பீப் பீப் என்று சத்தம் போட்டபடி பின்னால் வந்துகொண்டிருந்தது. கதவில் பெரிதாக 3 என்று எழுதியிருந்தது. அதன் வலப்பக்கம் ஆரஞ்சு மேல்சட்டை போட்ட ஒரு பெண் பச்சைக் கொடியை ஆட்டிக்கொண்டே பின்னால் நடந்தார். லாரியின் பின்பக்கம் மெல்ல அவர் பக்கமாகவே திரும்பியது.

நான் கத்தினேன். லாரிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. காவலாளி நின்றார். விசிலை வாயில் வைத்து, நீளமாக மூன்று முறை ஊதினார். குவாரியில் மூன்று விசில் என்றால், யார் ஊதினாலும் எதற்கு ஊதினாலும், எல்லா வண்டியும் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். இதைப் பிற்பாடு கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். டிப்பர் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. அந்த அம்மாவுக்கும் டயருக்கும் நடுவில் இரண்டு எட்டு தூரம்தான் இருந்திருக்கும்.

நான் அப்படியே சுண்ணாம்புத் தூசியில் உட்கார்ந்துவிட்டேன்.

சூப்பர்வைசர் கோபமாக வந்தார். "யாரு விசில் அடிச்சது? மறுபடியும் இந்தம்மா தப்பான எடத்துல நின்னுச்சா?"

அந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கொடியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். அதைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வந்தது.

"சார், அவங்க சரியாத்தான் நிக்கிறாங்க. திரைதான் தப்பாக் காட்டுது. அதுக்கு எண் எழுதிக் குடுத்தது நான். தப்பு என்னோடது."

அவர் நம்பவில்லை. வெளிநாட்டுக் கேமரா என்று சொல்லி வாங்கிய சாமான் அது. சத்தம் கேட்டு வந்த மற்ற டிப்பர்களின் ஓட்டுநர்கள் சிரித்தார்கள். "நாங்க மொத நாளே துண்டப் போட்டு மூடிட்டோம் மேடம். சைடு கண்ணாடியப் பாத்துதான் ஓட்டுறோம். சூப்பர்வைசர் சார்கிட்டயும் சொன்னோம். ஒனக்கு என்னடா தெரியும்னுட்டாரு" என்றார் ஒருவர். மூன்றாம் நம்பர் ஓட்டுநர் மட்டும் புது ஆள். திரையை மட்டுமே நம்பியிருந்தார். பாவம், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர் கீழே இறங்கவே இல்லை.

நான் சூப்பர்வைசரை லாரியில் ஏறி உட்காரச் சொன்னேன். அந்த அம்மாவை வலப்பக்கம் தள்ளி நிற்கச் சொன்னேன். திரையில் அவர் இடப்பக்கம் நின்றார். சூப்பர்வைசர் வெளியே எட்டிப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி வெளியே பார்த்தார். நான் மடிக்கணினியை இணைத்தேன். தலைகீழுக்கு 4, கண்ணாடிக்கு 16, இரண்டும் சேர்த்து 20. அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அடித்து அழித்தேன். திரை ஒரு முறை கறுத்தது. படம் திரும்பி வந்தபோது அந்த அம்மா வலப்பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

சூப்பர்வைசர் இறங்கி வந்தார். "திங்கக்கெழமை வந்துடும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஒரு மன்னிப்பு கேட்டிருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல நான் யார்?

என்னுடன் வந்த அண்ணன் மடிக்கணினியை வாங்கிக்கொண்டு மற்ற நான்கு லாரிகளையும் சரிசெய்யப் போனார். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் ஓட்டுநரை இடப்பக்கமும் வலப்பக்கமும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். நான் அந்த அம்மாவிடம் போய், "அக்கா, என்ன மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். அவர் என் ஹெல்மெட்டில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டார்.

"பதினோரு வருசமா கொடி காட்டுறேன் பாப்பா. நேத்து எல்லாரும் சொல்லச் சொல்ல, எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. வூட்டுக்குப் போயி ரெண்டு கையையும் நீட்டி நீட்டி, எது வலது, எது எடதுன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். எம்புருசன் பயந்துட்டாரு. ஒனக்கு என்னமோ ஆயிருச்சுன்னாரு" என்றார். கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார். "அப்ப எனக்கு ஒண்ணும் ஆவலல்ல?"

"இல்லக்கா. ஒண்ணும் ஆவல."

அவர் சிரித்தார். கொடியை உதறிக்கொண்டு அடுத்த லாரிக்கு வழி காட்டப் போய்விட்டார். டயரில் மாட்டியிருந்தால் அவர் உயிர் போயிருக்கும். அது தப்பியது. ஆனால் ஒரு நாள் முழுக்க, தன் கைகளையே நம்ப முடியாத நிலையில் அவரை நான் நிறுத்தியிருந்தேன். டயரைவிட அதுதான் என்னை அதிகம் உறுத்தியது.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் என் தவறை நிறுவனத்துக்கு எழுதினேன். அந்த அட்டவணை யார் யார் கைக்குப் போயிருக்கிறதோ அத்தனை பேருக்கும் தகவல் அனுப்பச் செய்தேன். பிறகு அட்டவணையை முதலிலிருந்து எழுதினேன். வரிசை எண்ணுக்கு ஒரு கட்டம், மதிப்புக்கு ஒரு கட்டம், எதை எதோடு கூட்ட வேண்டும் என்பதற்கு உதாரணம், பின்னால் ஓர் ஆளை ஓரமாக நிறுத்திப் பார்க்காமல் வண்டியை ஒப்படைக்கக் கூடாது என்று ஒரு குறிப்பு. அரை மணியில் முடித்த வேலை இந்த முறை நான்கு நாள் எடுத்தது. ஷெட்டுக்கு எடுத்துப் போய் அந்த அண்ணனிடம் கொடுத்து, புரிகிறதா என்று கேட்டேன். இரண்டு இடத்தில் புரியவில்லை என்றார். கோபப்படாமல் மாற்றினேன்.

இன்றும் எந்த அட்டவணையை எழுதினாலும், ஓர் எண்ணை அடித்து முடித்ததும் என் கை சற்று நிற்கிறது. அந்த எண்ணை நம்பி ஒருவர் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது அங்கே யார் நின்றுகொண்டிருப்பார் என்று நினைத்துப் பார்த்த பிறகுதான் அடுத்த வரிக்குப் போகிறேன்.